நோயில்லாதவரின் செல்கள்

அலெக்சாந்திரியாவில் முடக்குவாதத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அதில் பாதி பேராசிரியர் ஷௌகி சொன்னதாக இருக்கும். மீதிப் பாதியை அவரே வந்து திருத்திவிடுவார். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தது என் பாக்கியம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூட்டுக்குள் உறைபோல இருக்கும் செல்களைத் தட்டில் வளர்த்து, ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவதுதான் என் வேலை. நல்ல செல் பட்டினியில் அடங்கிவிடும். சாயம் ஏற்றிப் பார்த்தால் இருட்டாகத் தெரியும். முடக்குவாதக்காரரின் செல் அடங்காது. வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே மட்டும் ஒரு புரதம் இன்னொன்றை எழுப்பி, அது அடுத்ததை எழுப்பி, எலும்பை அரி என்று சேதி போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தட்டு பச்சையாக ஒளிரும்.

அது ரமலான் மாதம். "நாமளாவது பொழுது சாஞ்சா பேரீச்சம்பழம் திம்போம். இதுங்களுக்கு நாளைக்குத்தான் சோறு," என்பான் கூட வேலை செய்யும் பாசிம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் செல் வேண்டுமே, யார் கொடுப்பார்கள்? மாணவர்களோடு பந்து விளையாடப் போய் முழங்கால் சவ்வைக் கிழித்துக்கொண்ட பேராசிரியர், அறுவை மேசையில் படுத்தபடியே, "உள்ள எடுக்கறதுல கொஞ்சம் ராவியாவுக்குக் குடுத்துடுங்க," என்று எனக்காகத் தானம் செய்தார். பெருந்தன்மைதான். ஆனால் அந்தச் செல்கள் இருட்டானால்தான் எனக்குப் பட்டம்.

அவை இருட்டாகவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். நோயாளிகளின் தட்டுகளையெல்லாம் தோற்கடித்துக்கொண்டு பளிச்சென்று எரிந்தன.

"அஞ்சு வருஷமா செல்லு வளக்குற, ஒழுங்கா ஒரு பட்டினி போடத் தெரியல!" என்று கத்தினார் பேராசிரியர்.

"தட்டு எதுவும் மாறல டாக்டர். பாசிமும் தனியா செஞ்சு பாத்துட்டான்."

"அவன் உன்னவிட மோசம். பெருநாளைக்குள்ள இது இருட்டாகலேன்னா நீ வேற பேராசிரியரப் பாத்துக்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாசிம் மெல்ல, "ஒருவேளை அவருக்கே இருக்குமோ?" என்றான்.

"போய்ச் சொல்லேன்."

"நான் நோன்பு. பேசக் கூடாது."

"நோன்புன்னா சாப்பிடத்தான்டா கூடாது!"

அன்று மாலை பாங்கு ஒலித்ததும் வராந்தா மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். பருப்பு சூப்பில் ஆவி பறந்தது. பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திருகினார். கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் பார்த்தார்.

"மூடியில என்ன சிமெண்டு போட்டா ஒட்டுறானுங்க?"

வாங்கினேன். பாசிம் ஏற்கெனவே திறந்து லேசாக மூடி வைத்திருந்த பாட்டில் அது. இரண்டு விரலில் வந்துவிட்டது.

"டாக்டர், காலையில கை மடங்க எவ்வளவு நேரம் ஆகுது?" என்றேன். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க முதலாண்டு மாணவர்களுக்கு அவர் கற்றுத்தரும் முதல் கேள்வி அது.

"ஏசி காத்து ஒத்துக்கல," என்றார். பாட்டிலை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஒரு மணி நேரம். சில நாள் ரெண்டு," என்றார்.

"ரெண்டு கையுமா?"

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்கள் வீங்கியிருந்தன. அந்த விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டித்தான் அவர் இத்தனை நாளும் திட்டியிருக்கிறார், நானும் கவனித்ததில்லை.

"உன் பட்டினி சரியாத்தான் இருந்திருக்கு," என்றார் கடைசியில்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். கேட்டபோது அழுகைதான் வந்தது.

"என் தட்ட நோயாளிங்க வரிசையில வை. நோயில்லாத ஆளா ஒருத்தனப் புதுசா தேடு. பட்டம் அடுத்த வருஷம்தான்."

"சரிங்க டாக்டர்."

"ஆள் கிடைச்சா," என்றார், "காலையில கை மடங்குதான்னு முதல்ல கேட்டுக்க. என்கிட்ட யாரும் கேக்கல."