சிங்கப்பால்

தஹ்சின் வைத்த கிண்ணத்தை நெஸாஹத் சாக்கடையில் கவிழ்ப்பது அன்றோடு நான்காம் நாள்.

இஸ்தான்புல்லில் பூனைக்குச் சோறு வைக்காதவன் மனிதனே இல்லை. ஆனால் ஒரே பூனைக்கு இரண்டு பேர் வைக்கக் கிளம்பினால் அந்தத் தெரு உருப்படாது. தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுப் போனதும், வாசல் பெட்டியில் கிடந்த மூன்று குட்டிகள் தரைத்தளத்து நெஸாஹத்துக்கா, மூன்றாம் மாடித் தஹ்சினுக்கா என்று வழக்கு மூண்டது.

"பல்லு மொளைச்சாச்சு. ஊறவெச்ச தீனியும் தண்ணியும் போதும்" என்பது அவள் கட்சி. முப்பது வருடம் பூனை வளர்த்தவள். பெண்டாட்டி ஓடிப்போன பிறகு பூனையைப் பிடித்துக்கொண்டவன் சொல்லியா கேட்பாள்?

முதல் நாளே அவனை மடக்கினாள். "வெள்ளையா என்ன எழவு அது?"

"சிங்கப்பால், அக்கா. இதுங்க சிங்கக்குட்டிங்க இல்ல?"

தண்ணீர் பட்டதும் வெளுக்கும் ராக்கிச் சாராயத்தைத்தான் ஊரே சிங்கப்பால் என்கிறது. தஹ்சினோ பொழுது சாய்ந்தால் அதில் மிதப்பவன். முகர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போன குளிர்காலக் காய்ச்சலோடு அவள் மூக்கு செத்துப்போயிருந்தது; அதை வெளியே சொல்ல அவளுக்குக் கௌரவம் இடம் தரவில்லை.

இரண்டு குட்டிகள் தீனியைத் தின்று தேறின. மூன்றாவது, பிடியளவு கறுப்புக்குட்டி, அதைத் தொடாமல் தண்ணீரை மட்டும் நக்கியது. நான்காம் நாள் கழுத்துத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. பதறிப்போய் தெருமுனைக் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

"தண்ணி வத்திப் போச்சு" என்று தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினாள் அந்த டாக்டர் பெண். "இது சவலைக்குட்டி, இன்னும் பல்லு வரல. குட்டிப்பால் பொடிதான் குடுக்கணும். கடைசி டப்பாவ உங்க மாடித் தஹ்சின் வாங்கிட்டுப் போனாரே, குடுக்கலியா?"

நெஸாஹத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அதைவிட ஆத்திரம்: பால்பொடி என்று நேராகச் சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்?

குட்டியோடு மூன்றாம் மாடி ஏறித் தட்டினாள். கதவைத் திறந்த தஹ்சின் குட்டியைப் பார்த்தான்.

"கிண்ணம் தெனமும் காலியாத்தானே இருந்துச்சு!"

"நான்தான் கொட்டினேன். ராக்கின்னு நெனச்சு."

அவன் வெந்நீரில் பொடியைக் கலந்து, ஆற்றி, முதலில் ஒரு தேநீர் டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"நீ குடி."

"குட்டி சாகுது, தஹ்சின்!"

"குடி. இல்லாட்டி நான் ராக்கி ஊத்திக் கொன்னேன்னு தெருவெல்லாம் பாடுவே."

குடித்தாள். மூக்கு செத்தாலும் நாக்கு சாகவில்லை; தித்தித்தது.

"என்னது அது?"

"பால்."

"சத்தமா சொல்லு. தெரு வரைக்கும் கேக்கணும்."

"பால்!"

அவன் குட்டியைப் பிடுங்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டான். ஐந்தாம் சொட்டில் தொண்டை அசைந்தது. வாசலில் நின்றபடியே நெஸாஹத் குட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

"இனிமே மாடி ஏறாதே" என்று கதவை அறைந்தான்.

டம்ளரும் கையுமாகப் படியில் நின்றாள். உள்ளே குட்டி இன்னும் பால் கேட்டுக் கத்தியது. நாலு நாளில் அது கத்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கதவைத் தட்டக் கை எழவில்லை.