பத்தொன்பது பேர்

மானாம்பதியில் மோகனின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பதினோரு வருஷமாகப் பத்தொன்பது பேர்தான். இருபதாவது ஆளைச் சேர்த்தால் எல்லோருக்கும் பி.எஃப். கட்ட வேண்டும், ஆபீசர் வந்து ரெஜிஸ்டர் கேட்பார் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். அதனால் பெரிய ஆர்டர் வந்தால் மோகன் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவரிடம் சூப்பர்வைசராக இருந்த ஜெகன் பிரிந்துபோய் உத்திரமேரூர் ரோட்டில் சொந்தமாகத் தொடங்கினான். இருபது பேரானதும் பி.எஃப். நம்பர் வாங்கினான். ஒரே வருஷத்தில் மூடிவிடுவான் என்று மோகன் தன் மனைவி கனகாவிடம் சொன்னார். மூடவில்லை. பி.எஃப். கட்டிய ரசீதைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவோம் என்ற கார் கம்பெனி ஒன்று அவனுக்குத் தந்தது. இப்போது அங்கே எண்பது பேர். அவன் வேன் மானாம்பதிக்கே வந்து ஆட்களை ஏற்றிப்போனது. அந்த ஹாரன் கேட்டாலே மோகனுக்கு வயிறு எரிந்தது. ஜெகன் கம்பெனி கண்ணில் படாமலிருக்க உத்திரமேரூருக்குச் சுற்றுவழியில் போனார்.

ஒருநாள், ஏழு வருஷமாக மெஷின் ஓட்டிய பிரிஸ்கில்லா வேலையை விட்டு நிற்பதாகச் சொன்னாள். எங்கே போகிறாள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நான் இன்னா கொறை வெச்சேன்?" என்றார் மோகன்.

"கொறை ஒண்ணும் இல்ல சார். ஏழு வருஷம் இங்க வேலை செஞ்சேன்னு காட்ட எங்கிட்ட ஒரு காயிதம் இல்ல. அங்க எம்பேர்ல ஒரு பி.எஃப். நம்பர் குடுப்பாங்க."

அவள் போனதைவிட அங்கே போனதுதான் பொறுக்கவில்லை. லேபர் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி எழுத உட்கார்ந்தார். ஜெகன்மேல் எழுத ஒரு தப்பும் அகப்படவில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

ஆவணி கடைசியில் ஜெகனே வந்தான். நாற்காலி காட்டியும் மோகன் உட்காரும்வரை நின்றான்.

"தீவாளி ஆர்டர் எங்களால முடியலண்ணா. சின்ன பெட்டிங்கள மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. பத்தொம்பது பேருக்கு மேல ஆள் தேவைப்படாத அளவுக்குத்தான் எடுத்தாந்துகீறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் மோகனைச் சுட்டது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். பிரிஸ்கில்லாவின் மெஷின் சும்மா கிடந்தது. கனகா டீயை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாசாமாசம் வருமா?"

"வரும்ணா."

மாதிரிப் பெட்டியை வாங்கிப் புரட்டினார். அச்சடிக்க வேண்டிய ஜெகன் கம்பெனியின் பெயரை மேலே பென்சிலால் பெரிதாக வரைந்திருந்தார்கள்.

"மை இன்னா கலர் ஓணும்?" என்று மட்டும் கேட்டார்.