கோவிந்தசாமியின் மூக்கு

குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கினால் தேறுவார்களா என்று பார்க்க, ஆராய்ச்சிக்காரர்கள் ஆம்பூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அங்கே கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவன் வாசலில் நின்று, அங்கே தங்கியிருப்பவர்களில் மூத்தவரான கோவிந்தசாமியின் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். அவர் 'போ' என்றால் உள்ளே கட்டில். 'குடிச்சிருக்கான்' என்றால் பையைத் தூக்கிக்கொண்டு தெரு. மெஷின் வைத்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும், குடித்து மீண்டவனுக்குத்தான் குடித்தவனைத் தெரியும் என்று ஆராய்ச்சி மேடம் முபஷ்ஷிரா சொல்லியிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கோவிந்தசாமிக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே உழைத்து உழைத்து, பிணமும் மல்லிகையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசல் பொறுப்பு இருக்கிற வரைதான் அவருக்கு அங்கே கட்டில், மகன் வீட்டிலோ வாசப்படி ஏற விடமாட்டார்கள். அதனால் கண்ணைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், குத்துமதிப்பாகச் சொல்வார். போன வாரம் ஜோசுவா குடித்துவிட்டு நேராக நடந்து உள்ளே போய் வாந்தி எடுத்தான். "எப்படிண்ணா விட்டீங்க?" என்று மேடம் கேட்டாள். இன்னொரு தடவை கோட்டை விட்டால் பொறுப்பு, அடுத்த கட்டில்காரன் ரஃபி அகமதுக்குப் போய்விடும்.

அன்று மேடமே வாசலில் வந்து நின்றாள். ஆல்வின் வந்தான். ஷூ கம்பெனியில் பசை பூசுகிறவன். கண் இரண்டும் சிவந்திருந்தன, கால் தள்ளாடியது. இந்த வீட்டில் குடிக்காமல் இருந்து காட்டினால் சேர்ந்து வாழலாம் என்று சொல்லியிருந்த அவன் மனைவி மேகலா, மறுநாள் காலை பிள்ளையோடு வருவதாக இருந்தது.

ஊதினான். கோவிந்தசாமியின் முகத்தில் சூடாகக் காற்று பட்டது, அவ்வளவுதான்.

"குடிச்சிருக்கான்."

"இன்னாண்ணா சொல்ற? பசை நெடிண்ணா. காலைலேர்ந்து தல சுத்துது. நல்லா மோந்து பாரு."

"என் மூக்குக்குத் தெரியாததா?"

ஆல்வின் மேடம் பக்கம் திரும்பினான். "நீங்களாவது மோந்து பாருங்க மேடம். நாளைக்கு என் பொண்டாட்டி வர்றா."

"உங்களுக்குள்ள எடுக்கிற முடிவுல நாங்க தலையிடக் கூடாது ஆல்வின்," என்றாள் அவள், அன்பாகத்தான்.

பின்னால் நின்ற ரஃபி அகமது ஆல்வினை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டான். அடுத்து அவனும் இதே மூக்கிடம் ஊத வேண்டுமே. கோவிந்தசாமிக்கும் பாவமாக இருந்தது. தன் கட்டிலை நினைத்துக்கொண்டதும் அது போய்விட்டது.

ஆல்வின் பையோடு போனான். நேராகச் சரக்குக் கடைக்குத்தான் போனான் என்பது காலையில் தெரிந்தது. சட்டையெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்து, கோவிந்தசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து ஊதினான்.

"இப்ப மோந்து பாருண்ணா."

கோவிந்தசாமிக்கு இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கிய மேகலா அங்கிருந்தே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பிள்ளையை இழுத்துப் பின்னால் நிறுத்தினாள்.

"நேத்து நான் குடிக்கலண்ணா," என்று ஆல்வின் அழுதான். "அவகிட்ட சொல்லு. அது ஒண்ணு மட்டும் சொல்லு."

மேகலா கோவிந்தசாமியைப் பார்த்தாள். "நேத்தும் குடிச்சிருந்தாராண்ணா?"

அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"நேத்தும்தாம்மா."

"நல்ல காலம், நீங்க இருந்தீங்க," என்று மேகலா கையெடுத்துக் கும்பிட்டாள். "இல்லன்னா இந்தாள நம்பி மறுபடியும் குடித்தனம் வச்சிருப்பேன்."

கோவிந்தசாமியும் பதிலுக்குக் கும்பிட்டார்.