வயதில் மூத்த உறுப்பினர்

பதவியேற்புக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் நெல்லையப்பன் முத்தாரம்மாளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் கும்பிட்டாள்.

“முத்தாரம்மா, ஒரு காரியம் பறயட்டா? இங்க இருக்கதுல மூத்தவன் நாந்தான். அது உனக்கும் தெரியும்.”

“தெரியாம என்ன சாரே. தலையப் பாத்தாலே தெரியுதே.”

அவர் சிரிக்கவில்லை. வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

கேரளத்தில் பஞ்சாயத்துப் பதவியேற்கும் முறை கொஞ்சம் விசேஷமானது. தேர்தல் அதிகாரி எல்லா உறுப்பினர்களுக்கும் சத்தியப்பிரமாணம் செய்து வைப்பதில்லை. வயதில் மூத்த ஒருவருக்கு மட்டும் செய்து வைப்பார். மற்ற எல்லோருக்கும் அந்த மூத்தவர் செய்து வைக்க வேண்டும். முதல் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. கட்சி, ஓட்டு, சாதி எதுவும் அங்கே கணக்கில்லை, வயது ஒன்றுதான். பொன்முடிக்கு ஏறும் ரோட்டோரத்து இந்தப் பஞ்சாயத்தில் இதுவரை அந்த இடத்தில் நின்றவர்கள் எல்லோரும் அடிவாரத்து வார்டுக்காரர்கள்: ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், ரிட்டயரான ஹெட்மாஸ்டர், மறுபடியும் அதே ஹெட்மாஸ்டர், பிறகு ஒரு நர்ஸ். மேலே தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயங்களுக்கும் ஒரு வார்டு உண்டு. ஆனால் வேலை ஓய்ந்தவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்து திருநெல்வேலிப் பக்கம் போய்விடுவதால், அங்கிருந்து ஜெயித்து வருகிறவர்கள் எப்போதும் இளவயதுக்காரர்கள். மகனுக்கும் எஸ்டேட்டிலேயே வேலை என்பதால் முத்தாரம்மாள் மட்டும் போகாமல் இருந்து, இந்தத் தடவை அந்த வார்டில் ஜெயித்திருந்தாள்.

பஜார் வார்டில் நெல்லையப்பனுக்கு இது நாலாவது வெற்றி. இரண்டு தடவை ஹெட்மாஸ்டர் முந்தினார். மூன்றாம் தடவை அந்த நர்ஸ், வெறும் மூன்று மாத வித்தியாசத்தில். இந்தத் தடவை யாருமில்லை என்று அவர் நம்பியிருந்தபோதுதான் வேட்புமனுவில் முத்தாரம்மாளின் வயது எழுபத்தொன்று என்று தெரிந்தது. அவருக்கு அறுபத்தொன்பது.

அவளுடைய உண்மையான வயது அறுபத்தேழு. பதினோரு வயதில் கொழுந்து கிள்ளப் போனபோது, சட்டத்துக்குப் பதினைந்து வயதாவது வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசில் நாலு வருஷம் கூட்டி எழுதினார்கள். டாக்டர் பல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆதார், வாக்காளர் அட்டை என்று எல்லாம் அதைப் பார்த்தே எழுதப்பட்டன. அன்று ஆபீசில் எழுதிய கை நெல்லையப்பனின் அப்பாவுடையது. லயத்தில் இது ஊரறிந்த விஷயம். அவளைப் போலவே எத்தனையோ பேர்.

“அதிகாரிகிட்ட நீ உன் உண்மையான வயச ஒரு வாக்கு பறஞ்சா போதும்,” என்றார். “இனி நான் நிக்கப் போறதில்ல. மகளும் பேரப்பிள்ளைகளும் இத பாக்கத்தான் திருவனந்தபுரத்துல ஆரியசாலையில இருந்து வந்திருக்காவ.”

அவளுக்கு மனம் இளகத்தான் செய்தது. மலை சரிந்து ரோடு அடைபட்ட மழையில் அரிசி மூட்டையோடு நடந்தே ஏறி வந்தவர் அவர். விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் வேறொரு நாளும் நினைவில் வந்தது.

“என்னைய வேலையில இருந்து நிறுத்துனப்ப நானும் ஒரு வாக்குத்தான் கேட்டேன் சாரே. அம்பத்தெட்டு ஆகல, அம்பத்துநாலுதான்னு மேனேஜர்கிட்ட சொல்லச் சொல்லி உங்க வீட்டுக்கே வந்தேன். கடலாசுல எழுதியிருக்கதுதான் வயசுன்னு சொன்னீங்க.”

“அது அப்பம். இது இப்பம்.”

“கடலாசு அதேதான்.”

“நானே போய்ச் சொன்னா?”

“சொல்லுங்க. எழுதுனது யாருன்னு கேப்பாங்க.”

உள்ளே மணி அடித்தது.

“ஏற்றவும் பிராயம் கூடிய அங்கம், ஸ்ரீமதி முத்தாரம்மாள்,” என்று மூத்த உறுப்பினரின் பெயரைத் தேர்தல் அதிகாரி ஸ்ரீகுமார் மைக்கில் வாசித்தார். அவள் உடனே எழவில்லை. நெல்லையப்பனைப் பார்த்தாள். வாயைத் திறப்பார் என்று கொஞ்சம் காத்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள். மலையாள உறுதிமொழியைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்ததால் தடுமாறவில்லை. வயதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பிறகு அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். வார்டு வரிசைப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். இளைஞன் வினீத், “அம்மச்சி, பதுக்கெ பறயணே, எனக்கு விக்கும்,” என்று தன் திக்குவாய்க்காக மெதுவாகச் சொல்லச் சொன்னதும் சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். அவனுக்காகத் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்தது பஜார் வார்டு. நெல்லையப்பன் எழுந்து வந்து எதிரே நின்றார். நல்ல உயரம். அவள் மைக்கை அவருக்காக உயர்த்தினாள். திருகாணி பிடிக்காமல் அது மறுபடி சரிந்து இறங்கியது. சரிசெய்ய யாரோ எழுந்தார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

“ஞான்,” என்று உறுதிமொழியின் முதல் சொல்லைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. கையைத் தாழ்த்தாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.