மச்சானுக்கு எந்தப் பெட்டி

பெட்டிக்காரன் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு புதுப் பெட்டியின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே பத்து அங்குல ஸ்பீக்கர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் ஈரக் கையில் சில்லென்று காற்று படும். பட்டால் பசை வைத்து மறுபடி இறுக்க வேண்டும். பாட்டின் கனமான அடிச் சத்தத்தைக் கொடுக்கிற சப்வூஃபர் பெட்டியைக் கார்களுக்குச் செய்வது அவன் தொழில். கடைப் பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருந்தது, ஆனால் தெருவுக்கு அவன் பெட்டிக்காரன்தான். இப்படிக் கனமான சத்தம் விட்டுச் சோதிக்கும்போது பின்னறைச் சுவரில் இருக்கும் ட்வீட்டர்களின் வயரைப் பிடுங்கிவிடுவான். பாட்டில் மெல்லிசாக இருக்கிறதையெல்லாம், ஜால்ராவை, பாடுகிறவரின் மூச்சை, கொண்டுவருகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்களை ஒருமுறை சோதனை பண்ணுகிறேன் பேர்வழி என்று பொசுக்கித் தொலைத்தவன். அன்றும் பிடுங்கிப் போட்டிருந்தான். மூன்றாவது மூலைக்கு வந்தபோது வாசலில் ஹார்ன் அடித்தது. தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அடித்தது.

“உங்கண்ணன் வந்துட்டாரு” என்றான்.

“எனக்கு மட்டுமா தெரியுது, ஊருக்கே தெரியுது” என்றாள் மனைவி, கல்லாவில் இருந்தபடி. ஆனாலும் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

மச்சான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்புதான் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். இரண்டாம் கை வண்டிதான், ஆனால் துடைத்துத் துடைத்தே அதன் வெள்ளை நிறம் தேய்ந்துவிடும் போலிருந்தது. வாங்கினதிலிருந்து மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று குடும்பத்தில் பேச்சு. தங்கை போனில் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்லி வைத்துவிடுகிறாராம். போன வாரம் கடைத்தெருவில் பெட்டிக்காரனே பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டான். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோனார். நாலு பேர் பார்க்க மூக்குடைபட்டு நின்றதை அவன் இன்னும் மறக்கவில்லை. மறந்த மாதிரி காட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

“மாப்ள, டிக்கில எவ்ளோ இடம் வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்றார் மச்சான் உள்ளே நுழையும்போதே. “வச்சா பெரிய பெட்டியா வைங்க. அந்த ஓட்ட போட்ட பெட்டி.”

இந்த இடத்தில்தான் பெட்டிக்காரனுக்குச் சுர்ரென்று ஏறும். பெட்டியில் இரண்டு வகை. ஒன்று சீல்டு, எல்லாப் பக்கமும் அடைத்தது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஸ்பீக்கரைப் பிடித்து வைத்திருப்பதால், அடி விழுந்ததும் சத்தம் வரும், அடி முடிந்ததும் நின்றுவிடும். டிக்கியில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். மற்றது போர்ட்டடு. அதில் கணக்குப் பார்த்து ஒரு துளை வைக்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்பக்கத்துக் காற்றும் அதன் வழியே வெளியே வந்து சேர்ந்துகொள்ளும். அதே ஆம்ப்ளிஃபயரில் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும், பெட்டியும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அடி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் போக மனசில்லாமல் அங்கேயே நிற்கும். பாட்டு கேட்கிறவனுக்கு சீல்டு, ஊருக்குக் காட்டுகிறவனுக்கு போர்ட்டடு என்பது பெட்டிக்காரனின் கட்சி. இந்தக் கட்சிக்காக அவன் வாசல் வரை வந்த வாடிக்கையாளர்களை வாதாடியே விரட்டியிருக்கிறான். விரட்டின பிறகு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறான்.

“சீல்டு போட்டுக்கங்க மச்சான். பாட்டு சுத்தமா கேக்கும்.”

மச்சான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காதுல கேக்குறதுக்கு வீட்ல உங்கக்கா பேச்சு போதும் மாப்ள. எனக்கு நெஞ்சுல அடிக்கணும்” என்றார். மனைவி சிரித்தாள். பெட்டிக்காரன் சிரிக்கவில்லை. வாங்க, உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

அந்த நாற்காலிதான் அவன் பிரம்மாஸ்திரம். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பழைய கம்பளம். முன்சுவரில் சாதாரண ஸ்பீக்கர்களும் ட்வீட்டர்களும், பின்சுவர் ஓரமாகக் கறுப்புத் துணி போர்த்திய இரண்டு பெட்டிகள். நடுவில் பெட்டிகளுக்கு முதுகு காட்டி நாற்காலி. பின்னால் நின்று அவன் சுவிட்சை மாற்றி மாற்றிப் போடுவான். எது எந்தப் பெட்டி என்று சொல்ல மாட்டான். ஒன்றா இரண்டா, அதை மட்டும் வாடிக்கையாளர் சொன்னால் போதும். போர்ட்டடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே உட்கார்ந்து சீல்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அசடு வழிந்திருக்கிறார்கள். இன்று மச்சான் அசடு வழிவதைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. கடைத்தெருவில் பட்டதற்கு அது போதும்.

மச்சான் உட்கார்ந்து நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெட்டிக்காரன் பாட்டைப் போட்டான். முதல் வரி வந்தபோதே அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடுகிற அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளேயிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ட்வீட்டர் வயர்! பிடுங்கினவன் மாட்ட மறந்துவிட்டான். பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதுவும் மச்சான் முன்னால். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். மச்சான் லேசில் விடுகிற ஆள் இல்லை. கடைக் கதவைவிடப் பெரிய பெட்டியை உள்ளே வைத்துச் செய்துவிட்டு, வெளியே கொண்டுபோக முடியாமல் அவன் முழித்த கதையை இரண்டு வருஷமாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னவர். இப்போது திரும்புவார், வாயைத் திறப்பார் என்று பெட்டிக்காரன் காத்திருந்தான்.

“அடடா” என்றார் மச்சான், திரும்பாமலே. “இதுதான் மாப்ள பாட்டு. ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது பாருங்க.”

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தான். சத்தம் போடாமல் முன்சுவர்ப் பக்கம் போய், வயரை நேராக்குகிறவன் போலக் குனிந்து, ட்வீட்டர்களை மாட்டினான். பாட்டு சட்டென்று விழித்துக்கொண்டது. ஜால்ரா வந்தது, வயலினில் வில் உரசுவது வந்தது, அந்த அம்மாள் வரிக்கு வரி மூச்சு வாங்குவதுகூட வந்தது. மச்சானின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே தலையாட்டல், அதே அரைக் கண். பெட்டிக்காரன் வயரைப் பிடுங்கினான். மறுபடி மாட்டினான். மறுபடி பிடுங்கினான்.

“என்னங்க அது, பாட்டு வந்து வந்து போகுது?” என்று கல்லாவிலிருந்து மனைவி கத்தினாள். “வயரு கியரு லூசா?”

மச்சான் அதற்கும் திரும்பவில்லை.

பெட்டிக்காரன் வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். கடைத்தெருவில் தான் கூப்பிட்ட மூன்று தடவையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. போனில் தங்கை கேட்டதும் அவர் சொன்னதும் வந்தன. தலைக்கனம் என்று இந்த வாயால் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. காது மந்தமான ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று ஒரு குடும்பமே சேர்ந்து முடிவு கட்டிவிட்டது. அதில் முதல் கையெழுத்து அவனுடையது. இருபத்திரண்டு வருஷம் இரைகிற இன்ஜினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன். மேல் சுருதியில் இருக்கிற சத்தமெல்லாம் எப்போது உதிர்ந்துபோனதோ. பாட்டில் இப்போது அவருக்கு மிச்சமிருப்பது அந்த அடி மட்டும்தான். அதைத்தான் நெஞ்சில் கேட்கிறார். ஊருக்குக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை.

வெட்கத்தைத் தொடர்ந்து இன்னொன்றும் வந்தது. அவன் மகள் மூன்றாம் வகுப்பு. மாமா பஸ்ஸில்தான் போகிறாள், வருகிறாள். போன மாதம் சாப்பிடும்போது ஒரு கதை சொன்னாள். பள்ளிக்கூட மைதானத்தில் பஸ் பின்னால் வரும்போது ஆயா விசில் ஊதுவாளாம். ஊதி ஊதிக் கன்னம் வீங்கினாலும் மாமா நிறுத்த மாட்டாராம். இப்போதெல்லாம் ஆயா விசிலை விட்டுவிட்டு பஸ்ஸின் முதுகில் கையால் படார் படார் என்று அடிக்கிறாளாம், உடனே நின்றுவிடுகிறதாம். மகள் சாப்பாட்டுத் தட்டிலேயே அடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான் சிரித்தான். அந்த மைதானத்தில்தான் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆயா ஒரு நாள் லீவு போட்டால்? அடி கேட்பதற்குள் ஒரு பிள்ளை குனிந்து பென்சிலை எடுத்தால்? பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் டிரைவர்களின் கண்ணைச் சோதிக்கிறார்கள். காதை யாரும் கேட்பதில்லை.

சொன்னால் மச்சானின் வேலை போகும். ஐம்பது தாண்டியவர், ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாதவர். தன் அண்ணன் வேலைக்கு உலை வைத்தது தன் புருஷன் என்று மனைவி கடைசி வரை நினைப்பாள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஏறுவார்கள். அதில் ஒருத்தி அவன் மகள். பெட்டிக்காரன் வயரை மாட்டிவிட்டு எழுந்தான். முழங்கால் மரத்துப் போயிருந்தது.

முன்னால் வந்து நின்று, “போர்ட்டடே போட்டுடலாம் மச்சான்” என்றான்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்ப்பது தன் கண்ணை இல்லை, உதட்டை என்று பெட்டிக்காரனுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறான்.

“என்ன மாப்ள, சண்டையே இல்லாம?”

“உங்களுக்கு எது புடிக்குதோ அதுதான் நல்லது.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?” மச்சான் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவன் வாயிலேயே நிலைத்திருந்தது. அவசரமாக எழுந்துகொள்ளப் பார்த்தார். “சரி, அப்ப நான் கெளம்புறேன். பஸ்ஸக் கழுவணும்.”

“ஒரு நிமிசம் உக்காருங்க. ஒரு செட்டிங் பாக்கணும்.” பெட்டிக்காரனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் சுவரைப் பார்த்துச் சொல்லப்போனவன், அவருக்குக் கேட்காதே என்று திரும்பி முகத்தைக் காட்டியே சொன்னான். “ஒரு சத்தம் வரும். சுருதியக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சுக்கங்க. நின்னதும் எறக்கிடுங்க. உங்க காதுக்குத் தகுந்த மாதிரி வைக்கத்தான்.”

மச்சான் நாற்காலியின் கையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, “வைங்க” என்றார்.

பெட்டிக்காரன் பின்னால் போய்ப் போனை எடுத்தான். ஒவ்வொரு சுருதியாகச் சத்தம் எழுப்புகிற ஆப் அதில் இருந்தது, கார்களுக்குப் பார்க்க வைத்திருந்ததுதான். கீழிருந்து ஆரம்பித்தான். முனகல் வந்ததும் மச்சானின் வலது கை உயர்ந்தது. பயப்படாமல் உயர்ந்தது. முனகல் ஊதலாகி, ஊதல் சீட்டியானது. கை அப்படியே இருந்தது. ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினான், இரண்டாயிரத்தைத் தாண்டினான். அவனுக்கே பல் கூச ஆரம்பித்தது. மூவாயிரத்தில் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டாள். “ஐயோ, அந்தச் சனியன நிறுத்தித் தொலைங்களேன்!”

கை இறங்கவில்லை. கேட்கிறதா!  தப்பாக நினைத்துவிட்டேனோ, ட்வீட்டர் விஷயம் அவர் ரசனை அவ்வளவுதானோ என்று ஒரு கணம் சந்தோஷமாகவே நினைத்தான். இன்னும் ஏற்றினான். நாலாயிரம். ஆறாயிரம். கை அசையவில்லை. பஸ்ஸில் சைகை காட்டிக் காட்டிப் பழகின கை, விறைப்பாக நின்றது. எட்டாயிரத்தில் பெட்டிக்காரன் மனைவியைப் பார்த்தான், மச்சானின் முதுகைப் பார்த்தான். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டான்.

 வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மனைவி காதிலிருந்து கைகளை எடுத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், அண்ணனின் தூக்கிய கையையும், புருஷன் கையில் அணைந்து கிடந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்குதா மச்சான்?” என்று பெட்டிக்காரன் உரக்கக் கேட்டான். 

“நல்லா கேக்குது மாப்ள” என்றார் மச்சான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். சட்டைக் கை முழங்கை வரை வழுக்கி இறங்கியது.