லாபம் என்று அளந்த ஆடுகளம்

மூன்று வேளையும் சோறு தின்கிற இந்த வாயின்மேல் ஆணை: இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. 1961-ஆம் ஆண்டு ஐப்பசியில், ஜவ்வாது மலைமேல் சடுகுடுப் போட்டிக்காகத் திருத்திய ஆடுகளம் நாளொன்றுக்கு இருபது முழம் வளர்ந்தது. நான்கு பக்கமும் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபத்திரண்டு. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நில அளவைக்காரருக்குக் காய்ச்சல் என்று, செங்கம் மண்டியில் நெல் அளக்கிற கோபால்சாமியைக் கயிறும் கையுமாகக் கமிட்டி கூட்டி வந்தது. மண்டியில் முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. அதே பழக்கத்தில் அவர் முதல் கயிற்றைத் தரையில் போட்டு, “லாபம்” என்றார். மலையில் மண்ணை அப்படி அளப்பதில்லை. நெல்லுக்குக் காது கிடையாது, மண்ணுக்கு உண்டு.

கமிட்டிக்கு முதலில் சந்தோஷம். களம் பெரிதாகப் பெரிதாகப் போட்டியும் பெரிதாயிற்று. தாலுகா அணிகளுக்கென்று ஆரம்பித்தது ஜில்லாவாகி, ராஜ்யமாகி, கடைசியில் பம்பாய்க்குத் தந்தி போயிற்று. இரண்டாம் வாரம் ஓடை சுண்ணாம்புக் கோட்டுக்குள் வந்து நேராகப் படுத்து வற்றியது. கடுக்காய் மரங்கள் போனதும் தேனீக்கள் கூட்டமாகச் சந்தவாசலுக்கு இறங்கிவிட்டன. வந்து குவிந்த கூட்டத்தில் ஆறு பைசா முட்டை பதினெட்டு பைசா ஆயிற்று. ஆடு மேய்த்த ஆண்களெல்லாம் கோடு போடப் போய்விட்டார்கள்; விடிந்தால் புதுக் கோடு வேண்டுமே. ஆடுகள் தாமாக மேய்ந்து, தாமாகத் தொலைந்தன.

களத்தின் கீழண்டைப் பக்கம் குப்பம்மாளின் சாமைக்கொல்லை. கதிர் பால் பிடித்திருந்தது. அறுக்கப் பன்னிரண்டு நாள் ஆகும். கோடு கொல்லையைத் தொட ஆறு நாள்தான் இருந்தது. அடுத்த அறுப்புவரை அவள் வீட்டில் நான்கு வாய்க்கு அதுதான் சோறு. கோடு தாண்டிய பயிர் சாயாது, கருகாது. வெறும் தரையாகிவிடும், அவ்வளவுதான். ஒரு கை பச்சையாக அறுத்துக் குத்திப் பார்த்தாள். உமிதான் இருந்தது. நேராகக் கோபால்சாமியிடம் போனாள்.

“இன்னாங்க சாமி, லாபம்னு நீங்கதான ஆரம்பிச்சீங்க? ஒரு தபா நஷ்டம்னு சொல்லி நிறுத்திட்டுப் போங்க.”

“அய்யய்யே, இன்னாம்மே பேசற? முப்பது வருசமா அளக்கற வாயி. அந்த வார்த்த இதுல வராது.”

“கட்டெறும்ப புடிச்சி சட்டைக்குள்ள வுட்டா வருமா?”

“ஒரு கொல்ல போனா போவுது, வுடு. உங்க மலைக்குக் கோப்பை வருதில்ல?”

“அந்தக் கோப்பையில இன்னாத்தப் போட்டுக் காய்ச்சறது? அதையும் சொல்லிட்டுப் போங்க.”

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று சாயங்காலமே களத்தின் நடுவில் நின்று முயன்றார். ‘ந’ வரை வந்தது, மேலே நகரவில்லை. ஏழாம் நாள் கோடு கொல்லைக்குள் நுழைந்தது. அவள் தினமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் குந்தி, உழவுச் சால் ஒவ்வொன்றாகப் போவதை எண்ணினாள்.

கதிர் முற்றுகிற அந்தப் பன்னிரண்டாம் நாள்தான் போட்டி. களம் அரை மைலைத் தாண்டியிருந்தது. வேலூர் அணியில் பாடிப்போன கருப்பன் எதிரணியைத் தேடிக் கிளம்பினான். மூச்சு விடக்கூடாது என்பது விதி. ஆகவே அவன் இன்றுவரை விடவில்லை. மேல்காற்று அடித்தால் “சடுகுடு சடுகுடு” என்று கேட்கும். நேரமாயிற்று என்று ஆட்டை ஓட்டி அடைப்பார்கள்.

அன்றைக்கே களம் மேலண்டையில் கோபால்சாமி குத்தகை பிடித்திருந்த பதினெட்டுப் புளியமரங்களைத் தொட்டது. பிஞ்சோடு நின்ற மரங்கள் வரிசையாகத் தரைக்குள் இறங்கின. பதினேழாவது இறங்கும்போது அவர் வாயிலிருந்து “நஷ்டம்!” வந்தது. கூடவே இரண்டு பல்லும் வந்தன. களம் நின்றது.

குப்பம்மாளுக்கு மிஞ்சியது நான்கு சால். முற்றியிருந்தது, சோற்றுக்குக் காணாது, விதைக்குக் காணும். அரிவாளைக் கோட்டின்மேல் குறுக்கே வைத்துவிட்டு, ஒரு கதிரும் சிந்தாமல் கையால் உருவினாள். அந்த வருஷம் அவள் வீட்டில் காட்டுக்கிழங்கு.

அந்த இடத்தைப் போன வாரம்கூடப் போய்ப் பார்த்தேன்: செங்குத்துப் பாறை, ஓர் ஆடு படுக்கக்கூடச் சமதரை கிடையாது.