நுவரெலியாவில் எடுத்த படம்

சுதாஜினியக்காவை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவரைவிட என்னை நினைத்தால்தான் அதிகம்.

கிளிநொச்சியில் நாங்கள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலைக்குச் சித்திரைப் புத்தாண்டோடு ஒரு கிழமை லீவு. நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டது, பூக்கண்காட்சி, குதிரை ஓட்டம், பான்ட் வாத்தியம் எல்லாம் இருக்கும் என்று எங்கள் சுப்பவைசர் சுதாஜினியக்காதான் வாடகைக்கு பஸ் பிடித்தார். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார். நான் அம்மாவைக் கூட்டிப்போனேன்.

அம்மா சிவலட்சுமி பிறந்ததே அந்த மலையில்தான். எண்பத்துமூன்று கலவரத்தில் வன்னிக்கு ஓடிவரும்வரை ஏழு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தொழிற்சாலையில் இது ஒருவருக்கும் தெரியாது. ஊர் பக்கத்திலுள்ள கண்டாவளை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மலையகத்திலிருந்து வந்த யாரையாவது 'தோட்டக்காட்டார்' என்று அவர்கள் நக்கலடித்தால் நானும் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரிப்பேன். பஸ் ஏறுமுன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், அங்கே போய் வாய் திறக்கக்கூடாது என்று. நாற்பது வருடம் கழித்துப் பிறந்த இடத்தைப் பார்க்கப் போகிற மனுசியிடம் அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனம் வந்ததோ தெரியாது. அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாளும் பூ, குதிரை, குளிர், சனம் என்று அலைந்தோம். அம்மா ஒரு சொல் பேசவில்லை.

திரும்பும் வழியில் தேயிலைச் சரிவு ஒன்றில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கொழுந்து பறிக்கிற பெண்போல உடுத்திப் படம் எடுக்க, சேலையும் கூடையும் அங்கே வாடகைக்கு இருந்தன. சுதாஜினியக்கா சேலையைச் சுற்றி, கண்மையைக் கன்னமெல்லாம் அப்பிக் கறுப்பாகி, கூடையைப் புத்தகப்பை மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு இடுப்பை நெளித்து ஆடினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனை என்னிடம் தந்தார். எடுத்துக் கொடுத்தேன். உடனே அதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டார்.

அப்போதுதான் ஓரமாக ஒரு கல்லில் இருந்த அம்மா எழும்பி அவரிடம் போனார். தோளில் கிடந்த கூடையைக் கழற்றினார். தன் துவாயை மடித்து சுதாஜினியக்காவின் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டு, கூடையை முதுகில் இறக்கிவிட்டார். கை தன்பாட்டில் வேலை செய்தது.

"அன்ரி, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் சுதாஜினியக்கா.

அம்மா என்னைப் பார்த்தார். "ரீவியில பாத்தனான் பிள்ளை" என்றார்.

பிறந்த மண்ணில் நின்றுகொண்டு எனக்காகச் சொன்ன பொய். நான் சுதாஜினியக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"ரீவியில இல்லையக்கா. இவா இந்த மலையில ஏழு வருசம் கொழுந்து பறிச்சவா. நீங்கள் சொல்லுற தோட்டக்காட்டார் நாங்கள்தான். முகத்தில இருக்கிற மையைத் துடையுங்கோ. அந்தப் படத்தை இப்பவே அழியுங்கோ."

 சுதாஜினியக்கா போனைத் திறந்து என் முன்னே நீட்டினார். குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள்.

"முதல் சிரிச்சது ஆரெண்டு பார் நிசாந்தினி" என்றார்.

என் பெயர்தான் இருந்தது. படம் வந்தவுடன் பழக்கதோசத்தில் என் போனில் கை அழுத்தியிருக்கிறது.

அம்மாவும் எட்டிப் பார்த்தார். சுதாஜினியக்காவின் தலையிலிருந்த துவாயை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.